செவி நரம்புக் கட்டியும் இரண்டாம் சிகிச்சையும்

தெல்தோட்டைச் சாரலில் தேயிலை ஆலையின் இரைச்சலுக்கிடையே உழைத்தோருக்குச் செவி மந்தமாவது புதுமையன்று. ஆயின் இரைச்சலும் முதுமையும் பெரும்பாலும் இரு செவிகளையும் ஒருங்கே தாக்குவன. ஒரு செவி மட்டும் மெல்ல மெல்ல மந்தமாகி, ஓயாத இரைச்சலும் நடையில் தள்ளாட்டமும் தோன்றுமாயின், ஆலையின்மீது பழிபோட்டு வாளாவிருத்தல் தகாது.

அரிதாக, அது செவி நரம்புக் கட்டியாயிருத்தல் கூடும். உடற்சமநிலையை உணர்த்தும் நரம்பின் உறையிலே தோன்றும் இக்கட்டி புற்றுநோயன்று, பெரும்பாலும் ஆண்டொன்றுக்கு ஓரிரு மில்லிமீட்டரே வளர்வது, சில வளர்வதேயில்லை. ஆனால் அது குடிகொள்ளும் இடமோ மூளைத்தண்டின் அயல். முகத்தை இயக்கும் நரம்பும் அதனை ஒட்டியே செல்கின்றது.

கதிர்களை ஒரு புள்ளியிற் குவிக்கும் சிகிச்சை முறையைச் சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் 1951 இல் வகுத்தார். அதன்வழி 1968 இல் காமாக் கத்தி எழுந்தது. பெயர்தான் கத்தி, அலகு கிடையாது. இதனாற் கட்டி மறைந்தொழிவதில்லை, வளர்ச்சியே நிறுத்தப்படுகின்றது. நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் இது பயன் தருகின்றது.

எஞ்சிய சிலரைப் பற்றியே நாம் கூறப் புகுந்தோம். கதிர் பட்டபின் முதல் ஓரிரு ஆண்டுகளிற் கட்டி சற்றே வீங்கிப் பின் சுருங்குதல் உண்டு. அதனைக் கண்டு சிகிச்சை தோற்றதென அஞ்சிச் சத்திர சிகிச்சைக்கு விரைவது பிழை. எம்.ஆர்.ஐ. படங்களை வரிசையாக ஒப்புநோக்கி வளர்ச்சி தொடர்வது உறுதிப்பட்டாலோ, மூளைத்தண்டு நெருக்குண்டு நோய்க்குறிகள் மிகுந்தாலோதான் அது வேண்டப்படும்.

அப்போது எழும் இடர் பெரிது. கதிர் பட்ட கட்டி முக நரம்போடு தழும்பாய்ப் பிணைந்திருக்கும். வலிந்து பிரித்தால் நரம்பு சிதையலாம். முகத்தின் ஒரு பாதி செயலிழந்து, இமை மூடாது, விழி உலர்ந்து புண்ணாகும். ஆதலின் நுண்ணோக்கியின் துணையுடன், நரம்பின் இயக்கத்தை மின்கருவியாற் கண்காணித்தவாறே பெரும்பகுதியை அகற்றி, நரம்பில் ஒட்டிய மெல்லிய படலத்தை விட்டுவிடுவோர் பலர். இதனைத் திறமைக் குறைவென நோயாளர் கருதலாகாது என்பதே எமது துணிபு. 1917 இல் இக்கட்டியைப் பற்றி நூல் எழுதிய ஹார்வி குஷிங்கும் உயிரைக் காக்கவே கட்டியின் உட்பகுதியை மட்டும் அகற்றினார். இன்று முகத்தைக் காக்கவும் அதே பொறுமை வேண்டப்படுகின்றது. இழந்த செவிப்புலனோ மீள்வது அரிது.

கண்டிக்கும் கொழும்புக்கும், 1949 இல் ஜேக்கப் சாண்டி நரம்பியற் சத்திர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய வேலூருக்கும் செல்லும் நம்மவர், முன்னர் பெற்ற கதிரின் அளவு, நாள், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் யாவற்றையும் தவறாது உடன்கொண்டு செல்வாராக.