காது பழகும், விரல் பழகுமா?

குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி மலையகத்துக்குப் புதிதில்லை. நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று ஊர்ப் பெயர்தான் மாறும். கொட்டுவது சில வேளை குளவி, சில வேளை மலைத்தேனீ. கொழுந்து பறிக்கும் இடத்தில் கூடு கலைந்தால் பத்துப் பேரையாவது பதம் பார்த்துவிடும். அந்தப் பத்துப் பேரில் பலருக்கு வலியோடும் வீக்கத்தோடும் போய்விடுகிறது. யாரோ ஒருவருக்கு மட்டும் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, கண் இருண்டு, நின்ற இடத்திலேயே சரிந்து விழுகிறார்.

முன்பு எப்போதோ வாங்கிய கொட்டில் அவருடைய உடம்பு அந்த நஞ்சுக்கு எதிராக ஒரு பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்திருக்கிறது. ஹிஸ்டமின் நிரம்பிய மாஸ்ட் கலங்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. நஞ்சு மறுபடி வந்ததும் அந்தக் கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசிகிறது, அழுத்தம் விழுகிறது, தொண்டை வீங்கி மூச்சை அடைக்கிறது. இதுதான் அனஃபிலாக்ஸிஸ். பிரித்தானியாவில் இப்படி இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பூச்சி கொட்டி இறந்தவர்களுக்கு இதயமோ மூச்சோ நிற்க எடுத்த நேரத்தின் இடைப்பெறுமானம் 15 நிமிடம் என்று கணக்கிட்டது.

மலை உச்சியிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கவே 15 நிமிடம் போதாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், பெரிய உதவிதான். ஆனாலும் தோட்டத்துப் பாதையில் அது ஏறி வர வேண்டுமே. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017 மே மாதம் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசலுக்குப் போய்ச் சேரும்வரை உயிர் தாங்க வேண்டும்.

அதைத் தாங்க வைக்கும் மருந்து அட்ரினலின். 1901இல் ஜோகிச்சி தக்காமினே என்ற ஜப்பானியர் அதைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியே சுரக்கும் பொருள்தான் அது. வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில். விரிந்த குழாய்கள் இறுகும், மூச்சுக்குழல் திறக்கும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடி போடலாம். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். திடீரென எழுப்பி நிறுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் நின்று உயிரே போகலாம்.

மருந்து மலிவானது. ஊசி போடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். “இது வெறும் வீக்கமில்லை, இப்போதே போட வேண்டும்” என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்கப் பயிற்சியும் சட்ட உரிமையும் உள்ள ஒருவர்தான் பக்கத்தில் இருப்பதில்லை.

இந்தக் குறையை நிரப்பத்தான் 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினார்கள். டொக்டர் எட்டாத ஊர்களில் பிள்ளைகளைப் பரிசோதித்து, நோயறிந்து, பராமரிக்கும் தாதி. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தொழிலே அங்கிருந்து பிறந்தது. இலங்கையில் அந்தப் பெயரில் ஒரு பதிவுநிலை இல்லை. ஆனால் அந்தத் தேவையை நம் தோட்டங்கள் கொலராடோவுக்கு வெகு முன்பே அறிந்திருந்தன. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று 1872லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. டிஸ்பென்சரியும் மருத்துவிச்சியும் லயத்துச் சனங்களுக்குத் துணை. டொக்டர் பட்டம் இல்லாமலே தோட்ட மருத்துவ உதவியாளர்கள் தலைமுறை தலைமுறையாக மருந்து கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்கும் தாதியருக்கும் முறையான மேற்படிப்பு வாசல் எங்கே என்பதுதான் கேள்வி.

இன்று போனைத் திறந்தால் வெளிநாட்டு ஒன்லைன் பட்டங்களின் விளம்பரம் கொட்டுகிறது. அட்டனில் வார்ட் டியூட்டி முடித்து வரும் ஒரு தாதிக்கு அது ஆசை காட்டுவதில் தப்பில்லை. திரை வழிப் படிப்பு இரண்டாந்தரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனையைப் பாருங்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். மறுபகுதியினர் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42 வீதம். அப்படியானால் பஸ்ஸில் பத்து நிமிடம், டியூட்டி இடைவேளையில் பத்து நிமிடம் என்று தன்னைத் தானே கேள்வி கேட்டுப் படிக்கிற தாதி, விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவரை விடக் குறைந்தவரில்லை.

இன்னொன்று என்னை இன்னும் வியக்க வைத்தது. இதய ஒலி கேட்பது கைப்பழக்கம், ஆஸ்பத்திரியில் மட்டுமே வரும் என்றுதான் பலரும் நினைப்போம். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழக இதய மருத்துவர் மைக்கேல் பாரெட், ஒவ்வொரு முணுமுணுப்பு ஒலியையும் 500 தடவை பதிவில் கேட்க வைத்தே மாணவர்களின் காதைப் பழக்கிக் காட்டினார். வாதக் காய்ச்சல் சிறு வயதில் கெடுத்துவிட்டுப் போன வால்வு, கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடும்போதுதான் பல பெண்களுக்கு முதன்முதல் தொல்லை காட்டும். கிளினிக்கில் அந்த மெல்லிய உருட்டொலியைப் பிடிக்கும் காது ஒரு தாயைக் காப்பாற்றும். அந்தக் காதை ஒரு போனும் நல்ல இயர்போனும் பழக்கிவிடும்.

விரல் அப்படிப் பழகாது. விரல் நுனியில் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும் இரு முனைகளையும் தனித்தனியாக உணர்கிறோம். முதுகில் அதே இரண்டும் நான்கு சென்ரிமீற்றர் அளவுக்கு விலக வேண்டும். அவ்வளவு நுட்பமான விரலும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை இன்னொரு கை மேலே இருந்து திருத்தித்தான் கற்கிறது. கர்ப்பிணியின் வயிற்றில் கருப்பையின் மேல் விளிம்பைத் தேடும் புதிய தாதி முதலில் தசையைத் தொட்டு அதுதான் விளிம்பு என்பார். மூத்தவர் அவருடைய உள்ளங்கையின் ஓரத்தைப் பிடித்துச் சற்று மேலே நகர்த்தி, கொஞ்சம் அமுக்கி, “இங்கே” என்பார். 28 வாரத்தில் அந்த விளிம்பு அடிவயிற்றின் கீழுள்ள பூப்பெலும்பிலிருந்து ஏறக்குறைய 28 சென்ரிமீற்றரில் இருக்கும். குறைந்தால் குழந்தை வளரவில்லையோ என்று பார்க்க வேண்டும். அந்த “இங்கே”யைத் தரும் திரை இன்னும் வரவில்லை.

அமெரிக்காவும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு முழுக்க ஒன்லைனில் நடந்தாலும், நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்ய வேண்டிய மணிநேரம் குறைந்தது 500 என்றிருந்ததை 2022இல் 750 ஆக உயர்த்தினார்கள். மேற்பார்வைக்கு ஒரு வைத்தியரையோ மூத்த தாதியையோ பல கல்லூரிகளில் மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். சேரவே பொதுவாக அந்நாட்டுத் தாதிப் பதிவு கேட்பார்கள். மலையகத்தில் இருந்துகொண்டு டொலரில் கட்டணம் கட்டி அந்தப் பாதையில் போவது நடக்காத காரியம் என்பதே என் முடிவு.

நமக்குப் பக்கத்தில் இருப்பது நாவலையில் 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். வேலையில் இருக்கும் பதிவுபெற்ற தாதியருக்கான தொலைக்கல்விப் பட்டத்தை அது 1994இல், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கியது. இணையம் நம் வீடுகளுக்கு வராத காலம். அச்சிட்ட பாடங்களைத் தபாலில் வாங்கிப் படித்தார்கள். அட்டனில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கற்கை நிலையமும் உண்டு. பாடங்களைத் தரவிறக்கிச் சிக்னல் இல்லாத இடத்தில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்; 2021இல் ஊவாவில் பிள்ளைகள் படிப்புக்காகச் சிக்னல் தேடிப் பாறை ஏறியதை உலகமே பார்த்தது.

அந்தப் படிப்புகளை வடிவமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆஸ்பத்திரிப் பயிற்சியைக் கொழும்பிலும் கண்டியிலும் மட்டும் வைக்காமல் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் வையுங்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வாரக்கணக்கில் கொழும்பில் தங்க எத்தனை பேரால் முடியும்?

படிக்கப் போகும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்: எந்தப் பட்டமானாலும் பணம் கட்டுமுன், அதை ஏற்றுப் பதிவார்களா என்று இலங்கைத் தாதியர் சபையிடம் கேளுங்கள். பிறகு கல்லூரியிடம், என் கையை யார் பிடித்துப் பழக்குவார், எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மணிநேரம் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.