புது லோடு வண்டி எடுத்தாச்சா? தொட்டிக்கு தகடா, ரப்பர் மேட்டா? தார்ப்பாய் எது வாங்கணும்?

ஒட்டன்சத்திரம்:-

கையில் இருந்த காசை முன்பணமாக கட்டி, மீதிக்கு பைனான்ஸ் போட்டு புது லோடு வண்டி எடுப்பவர்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏராளம். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு வண்டியை வீட்டுக்கு கொண்டு வருவார்கள். மறுநாளே லோடுக்கு போயாக வேண்டும். ஏன்னா தவணை தேதி காத்திருக்காது.

அந்த அவசரத்தில் பலர் கோட்டை விடுவது வண்டியின் பின்பக்கத்தில்தான். சீட் கவர், பாட்டு பெட்டி, கண்ணாடியில் சாமி ஸ்டிக்கர் எல்லாம் பார்த்து பார்த்து செய்வார்கள். சோறு போடும் தொட்டிக்கு மட்டும் கடையில் எது கையில் கிடைக்குதோ அதை போட்டு விடுவார்கள். 2 மழைக்காலம் தாண்டியதும் தொட்டியின் மூலையில் துரு பிடித்து ஓட்டை விழும். நாளைக்கு வண்டியை விற்க போனால், வாங்க வருபவர் என்ஜினை பார்ப்பதற்கு முன்னாடி மேட்டை தூக்கித்தான் பார்ப்பார்.

2005-ம் ஆண்டில் டாடா ஏஸ் வந்த பிறகுதான் சின்ன லோடு வண்டி தொழில் சூடு பிடித்தது. நம்ம ஊரில் அதற்கு ‘குட்டி யானை’ என்றே பெயர் ஆகிவிட்டது. அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலிரோ பிக்கப் என்று வேறு வண்டிகளும் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் தொட்டி என்பது மெல்லிய இரும்பு தகடுதான். கம்பெனி பெயிண்ட் போய்விட்டால் அதற்கு வேறு பாதுகாப்பு கிடையாது.

என்ன லோடு அடிக்கிறீங்க?

தொட்டிக்கு என்ன போடலாம் என்று கேட்பதற்கு முன்னால், வண்டியில் தினமும் என்ன ஏறப்போகுது என்பதை முடிவு பண்ண வேண்டும். எல்லா லோடுக்கும் ஒரே விரிப்பு சரிப்படாது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய் ஏற்றும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பெட்டிகளை தொட்டிக்குள் தள்ளி ஏற்றுவார்கள், இழுத்து இறக்குவார்கள். இங்கே ரப்பர் மேட் போட்டால் பெட்டி நகராது. ஏற்றுகூலி ஆட்கள் திட்டுவார்கள். புடைப்பு போட்ட இரும்பு தகடு, அதாவது செக்கர் பிளேட் தான் இதற்கு தோது. பெட்டியும் வழுக்கி வரும், ஆளும் வழுக்கி விழ மாட்டார்.

அதே நேரம் கேஸ் சிலிண்டர், பிரிட்ஜ், வாஷிங் மிஷின், கண்ணாடி, டைல்ஸ் ஏற்றும் வண்டிக்கு தகடு ஆகாது. பிரேக் போட்டால் மொத்த சரக்கும் முன்னாடி ஓடி வரும். அதற்கு ரப்பர் மேட் போட்டால் சரக்கு பிடித்து நிற்கும், சத்தமும் குறையும். கயிறு கட்டாமல் மேட்டை மட்டும் நம்பி போவது வேறு விஷயம். அது ஆபத்து.

செங்கல், ஜல்லி, கம்பி, சிமெண்டு கல் ஏற்றுபவர்களுக்கு தகடுதான். வேறு எது போட்டாலும் ஒரு மாதத்தில் கிழித்து விடும்.

பிளைவுட் பலகை போடுபவர்களும் இருக்கிறார்கள். செலவு குறைவு, உடைந்தால் எளிதாக மாற்றலாம். ஆனால் தண்ணி பட்டால் ஊறி கனம் ஏறும், அடியில் ஈரம் காயவே காயாது. துணி மூட்டை, அட்டைப்பெட்டி மாதிரி காய்ந்த சரக்குக்கு மட்டும் சரி. மீன், பால் வண்டிக்காரர்கள் அந்த பக்கமே போக வேண்டாம்.

வெளிநாட்டு பிக்கப் வண்டிகளில் தொட்டி அளவுக்கே வார்த்த பிளாஸ்டிக் விரிப்பு, ஸ்பிரே அடிக்கும் ரப்பர் பூச்சு எல்லாம் உண்டு. நம்ம நாட்டிலும் இசுசு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் போடுகிறார்கள். ஸ்பிரே பூச்சு நல்லதுதான். தகட்டோடு ஒட்டிவிடுவதால் அடியில் தண்ணி போகாது. ஆனால் வாடகை வண்டி ஓட்டி தவணை கட்டுபவருக்கு அந்த செலவு கட்டுப்படியாகுமா என்பதை அவரவர் கணக்கு போட்டு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

80 கிலோ எங்கே போச்சு?

தகடு போடும்போது பலரும் மறக்கிற ஒரு கணக்கு இருக்கிறது. எடை.

குட்டி யானையின் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடி அகலம். அதாவது 35 சதுர அடி. 3 மில்லி மீட்டர் இரும்பு செக்கர் பிளேட் ஒரு சதுர அடி சுமார் 2.3 கிலோ இருக்கும். தரைக்கு மட்டும் போட்டாலே 80 கிலோ. பக்கத்து டோர்களுக்கும் சேர்த்து அடித்தால் 100 கிலோவை தாண்டிவிடும். முக்கால் டன் தூக்குகிற வண்டியில், சரக்கு ஏற்றும் முன்பே ஒரு பெரிய ஆள் எடைக்கு மேல் தினமும் சும்மா சுமக்கிறது. தினம் ஒரு நடை வீதம் வருஷத்தில் 300 நடை என்றால் 24 டன் சரக்கை ஏற்றாமல் விட்ட மாதிரி. காலி வண்டியாக திரும்பும்போதும் அந்த 80 கிலோவுக்கு டீசல் எரிகிறது.

அதுக்கும் மேல ஏற்றிக்கிட்டா போச்சு என்று நினைத்தால் சிக்கல் அங்கேதான். எடை மேடையில் வண்டியை நிறுத்தினால் தகடு வேறு, தக்காளி வேறு என்று பிரித்து பார்க்க மாட்டார்கள். மொத்த எடைதான் கணக்கு. 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி அதிக பாரம் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் தனி. சரக்கு பக்கவாட்டிலோ, உயரத்திலோ, பின்னாலோ அளவு மீறி நீட்டிக்கொண்டு இருந்தாலும் 20 ஆயிரம்தான். ஒரு மாத தவணையே அதில் போய்விடும்.

இதே அளவுக்கு அலுமினிய செக்கர் பிளேட் போட்டால் எடை மூன்றில் ஒரு பங்குதான். 27, 28 கிலோவில் முடிந்துவிடும். விலை அதிகம், அடியும் தாங்காது. காய்கறி, பால், மளிகை மாதிரி லோடுக்கு போதும். ஆனால் அலுமினியத்தை இரும்பு தொட்டி மேல் அப்படியே உட்கார வைக்கக்கூடாது. இரண்டு உலோகமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணி, உரத்தண்ணி பட்டால் அரிப்பு வேகமாகும். நடுவில் நல்ல பெயிண்டோ, மெல்லிய ரப்பரோ இருக்க வேண்டும்.

இரும்பு தகட்டுக்கு விலை கிலோ கணக்கில்தான். அதனால் பட்டறையில் பேசும்போது எத்தனை மில்லி, மொத்தம் எத்தனை கிலோ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 3 மில்லி என்று சொல்லி 2 மில்லி போட்டாலும் கண்ணுக்கு தெரியாது. எடை போட்டால் தெரிந்துவிடும்.

மேட்டுக்கு அடியில்தான் எமன்

தொட்டியை அதிகம் கெடுப்பது மேலே விழும் அடி இல்லை. விரிப்புக்கு அடியில் தேங்கும் ஈரம்தான். தொட்டியை பாதுகாக்க என்று போட்ட மேட்டே தொட்டியை தின்றுவிடும். அழுகிய தக்காளி சாறு, பொட்டாஷ், யூரியா, உப்பு, மாட்டு மூத்திரம், மீன் பெட்டி ஐஸ் தண்ணி என்று எதுவாக இருந்தாலும் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழி இல்லை.

தொட்டியில் கம்பெனியே தண்ணி போக ஓட்டை விட்டிருப்பார்கள். தகடு அடிக்கும்போது அதை மூடிவிடக்கூடாது. அதற்கு நேராக தகட்டிலும் ஓட்டை போடச் சொல்ல வேண்டும். தகடு இறக்குவதற்கு முன் தொட்டி முழுக்க ரெட் ஆக்சைடு அடித்து, அது நன்றாக காய்ந்த பிறகுதான் வேலை நடக்கணும். ரப்பர் மேட் என்றால் அடியில் வரி வரியாக பள்ளம் இருக்கிற ரகமாக வாங்குங்கள், காற்று போகும். வாரம் ஒருமுறை தூக்கி காய வைக்க வேண்டும். ஒரே துண்டாக இருந்தால் கனத்துக்கு பயந்து யாரும் தூக்குவதில்லை. 2 துண்டாக வெட்டிக்கொண்டால் ஒரே ஆள் போதும்.

வெல்டிங் வைக்கும்போது ஒன்றை கவனிக்க வேண்டும். 2020-ல் வந்த பி.எஸ்.6 முதல் புது வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார் எல்லாம் அதிகம். பேட்டரி ஒயரை கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அந்த பெட்டி அவுட் ஆகலாம். தொட்டிக்கு அடியில் டீசல் டேங்க் இருக்கும் பக்கம் தீப்பொறி விழாமல் பார்க்க வேண்டும். முடிந்தவரை போல்ட் போட்டு முடுக்குவது நல்லது, நாளைக்கு கழற்றி பார்க்கலாம். துளை போட்ட இடத்தில் பெயிண்ட் தொட்டு வைக்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். துருவுக்கு வாரண்டி கேட்டு போனால், நீங்க ஓட்டை போட்டீங்க என்று சொல்லி கை விரித்து விடுவார்கள்.

தார்ப்பாய் அளவு எப்படி?

ஒட்டன்சத்திரத்தில் கிளம்பும்போது வெயில் கொளுத்தும். பழனி, பொள்ளாச்சி தாண்டி பாலக்காட்டுக்குள் நுழைந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பிடித்துக்கொள்ளும். சரக்கு நனைந்து போய் சேர்ந்தால் வியாபாரி வாடகையில்தான் கை வைப்பார்.

தார்ப்பாய் வாங்க போகும்போது பெரும்பாலும் தொட்டியின் அளவை சொல்லித்தான் கேட்கிறார்கள். அது தப்பு. தொட்டி 7-க்கு 5. சரக்கு 5 அடி உயரம் என்று வையுங்கள். நீளத்துக்கு 7 அடியோடு முன்னால் 5, பின்னால் 5 சேர்த்தால் 17. அகலத்துக்கு 5 அடியோடு இரண்டு பக்கமும் 5 சேர்த்தால் 15. ஆக 18-க்கு 15 கேட்டு வாங்க வேண்டும். தார்ப்பாயின் ஓரம் டோருக்கு வெளியே தொங்கணும். உள்ளே சொருகினால் மேலே விழுகிற மழை முழுக்க தொட்டிக்குள் இறங்கி அடி பெட்டியை ஊற வைத்துவிடும்.

கடையில் ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தார்ப்பாய் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. 100, 150 உள்ள பிளாஸ்டிக் பாய் நெல் காய வைக்க, மாடி மூட சரி. வண்டி வேகத்தில் காற்று அடிக்கும்போது ஓரம் கிழிந்து நூல் நூலாக போய்விடும். தினம் ஓடும் வண்டிக்கு 200-க்கு மேல் பாருங்கள். பி.வி.சி. பூசிய துணி பாய் 500-க்கு மேல் வரும். கனம் அதிகம், மடிக்க 2 ஆள் வேணும், ஆனால் பல வருஷம் உழைக்கும். கயிறு மாட்டும் வளையங்கள் எத்தனை அடிக்கு ஒன்று இருக்கு, ஓரத்தில் உள்ளே கயிறு வைத்து மடித்து ஒட்டியிருக்கா என்பதையும் விரித்து பார்த்து வாங்க வேண்டும்.

காய்கறிக்கு தார்ப்பாயை இறுக்கி மூடினால் உள்ளே வேர்த்து அழுகும். தக்காளி, கீரை தாங்காது. தொட்டியில் வளைவு கம்பி நட்டு அதன் மேல் தார்ப்பாய் போட்டால் சரக்குக்கும் பாய்க்கும் நடுவில் காற்று ஓடும். மழை இல்லாத நாளில் வலை போதும். கம்பியை கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. திறந்த பாடி என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டியை நிரந்தர கூண்டாக மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எப்.சி.யில் நிறுத்தி விடுவார்கள். சரக்கு வண்டிக்கு முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு பிறகு வருஷா வருஷம் எப்.சி. உண்டு.

மணல், எம்-சாண்ட் ஏற்றுபவர்கள் பக்கத்து தெருவுக்கு போனாலும் மூடித்தான் போக வேண்டும். பின்னால் பைக்கில் வருபவர் கண்ணில் ஒரு பிடி மணல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கயிறு கட்டும்போது முன்பக்கத்தை முதலில் இறுக்க வேண்டும். 2 பாய் போட்டால் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி, முன் பாயின் ஓரம் பின் பாயின் மேல் ஏறி இருக்கணும். மாறி போட்டால் காற்று உள்ளே புகுந்து பாயை பலூன் மாதிரி தூக்கும். நான்கு வழிச்சாலையில் அப்படி பறக்கிற பாய் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் போய் மூடினால் உயிர் போய்விடும். பின்பக்கம் தொங்கும் துணி டெயில் லைட், நம்பர் பிளேட், சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் எதையும் மறைக்கக்கூடாது. ராத்திரியில் நின்ற வண்டி மேல் மோதும் விபத்துக்கு இதுவும் ஒரு காரணம். கிளம்பி 10, 15 கிலோ மீட்டரில் டீ குடிக்க நிறுத்தும்போது கயிற்றை ஒருமுறை பிடித்து பார்த்துவிட்டு போகலாம். சரக்கு அமுங்கியதும் கயிறு தளர்ந்திருக்கும்.