எல்லையும் எல்லைக் கடவையும்: கச்சதீவு தரும் விளக்கம்



இரு நாடுகளின் ஆட்சிப் பரப்பைப் பிரிப்பது எல்லை. அதனைச் சட்டப்படி கடக்கும் இடம் எல்லைக் கடவை. இவ்விரண்டையும் ஒன்றாக எழுதிப் புள்ளிகளை இழந்துவிடாதீர்கள். நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடையே பிரிந்து கிடக்கும் பார்லே நகரின் தெருக்களில் எல்லைக்கோடு குறிக்கப்பட்டுள்ளது. மக்களோ தடையின்றி அதனைக் கடந்து நடக்கின்றனர்.

இனி நமது கரையை நோக்குங்கள். திருக்கேதீஸ்வரத்தை அடுத்த மாந்தை, பண்டைக் காலத்தில் பிறநாட்டுக் கப்பல்கள் வந்து சென்ற துறைமுகமாகும். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகையிரதத்துடன் இணைந்த கப்பற்சேவை ஆரம்பமாயிற்று. 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களில் நின்றுபோனது. 2015 இல் தலைமன்னார் இறங்குதுறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தபோதும் கப்பல் வரவில்லை.

எனினும் பாக்கு நீரிணையில் ஒரு வாசல் எஞ்சியது. அதுவே கச்சதீவு. 1974 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க, இந்திரா காந்தி ஆகியோர் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி அத்தீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. இன்று அது யாழ்ப்பாண மாவட்டத்தின் நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்தது. அங்கு குடியிருப்பு இல்லை. புனித அந்தோனியார் ஆலயம் உண்டு. உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமோ விசாவோ இன்றி அங்கு வர இடமளிக்கிறது. பெப்ரவரி அல்லது மார்ச்சில் நடைபெறும் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்தும் குறிகட்டுவானிலிருந்தும் படகுகள் வரும்.

கவனத்திற் கொள்க:
1. இது வருகை உரிமை மட்டுமே. தீவின் இறைமை இலங்கைக்குரியது.
2. விசா இல்லை என்பதால் ஒழுங்கு இல்லை என்பதல்ல. பெயர்ப் பதிவும் சோதனையும் உண்டு.
3. இது மீன்பிடி உரிமை அன்று. 1976 இல் பரிமாறப்பட்ட கடிதங்களின்படி, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்க முடியாது.

மூன்றாவது விடயமே இன்றைய சிக்கல். இந்திய இழுவைப் படகுகளால் நமது மீனவரின் வலைகள் அறுபடுகின்றன. எல்லை தாண்டுவோர் கைதாகின்றனர். சக மீனவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து இராமேஸ்வர மீனவர் 2024 திருவிழாவைப் புறக்கணித்தனர். வாசலைச் சட்டம் திறந்து வைக்கலாம். அதனூடாக மனிதர் வந்துபோக நல்லுறவும் வேண்டும்.

பயிற்சி வினா: இறைமை குறையாமல் எல்லையைத் திறந்து வைக்க முடியுமா? கச்சதீவை உதாரணமாகக் கொண்டு விளக்குக.