வரைபவரும் கட்டுபவரும் ஒருவரே ஆனால்: ‘வடிவமைத்துக் கட்டும்’ குத்தகை முறையும் அதில் சொல்லின் பொறுப்பும்

மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்குக் கட்டடக் குத்தகையில் என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இக்கட்டுரை அக்கேள்விக்கு விடையாகவே அமைகிறது.

புக்கிட் ரம்பாய் வட்டாரத்துக் குடும்பங்கள் பல உறுப்பியம் பெற்ற ஒரு சங்கம், பல ஆண்டுகளுக்கு முன் தனக்கென ஒரு மண்டபம் எழுப்பியது. ஞாயிறுதோறும் வீடு வீடாகச் சென்று திரட்டிய நன்கொடையில் எழுந்த மண்டபம் அது. கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடம் தந்தார். டெண்டரில் குறைந்த விலை குறிப்பிட்ட குத்தகையாளர் கட்டி முடித்தார். முதல் மழைக்காலத்திலேயே மேடைக்கு மேலே கூரை ஒழுகியது. குத்தகையாளரைக் கேட்டோம், “வரைபடத்தில் உள்ளபடியே கட்டினேன்” என்றார். கட்டடக் கலைஞரைக் கேட்டோம். “வரைபடத்தில் பிழையில்லை, கட்டிய விதத்தில்தான் பிழை” என்றார். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தமையால் இருவரையுமே பொறுப்பாக்க இயலவில்லை. சங்கம் மறுபடியும் நன்கொடை திரட்டிக் கூரையைச் செப்பனிட்டது.

இவ்விரு பதில்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பதற்கென எழுந்ததே வடிவமைத்துக் கட்டும் குத்தகை முறை. அவ்விடைவெளியை அது பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. ஆயினும், உரிமையாளர் எழுதித் தரும் சொற்களின்மேல் முன்னிலும் பெரிய சுமையை ஏற்றிவிடுகிறது. மொழி பயில்வோர் இம்முறையை அறிந்துகொள்ள வேண்டிய காரணம் இதுவே.

பெருந்தச்சன் இருவரான வரலாறு

வரைபவர் வேறு, கட்டுபவர் வேறு என்னும் பிரிவு பழங்காலத்தில் இன்றுபோல் இல்லை. கி.பி. 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் காணப்படுகிறது. பெருந்தச்சன் என்பான் தச்சர்க்குத் தலைவன். ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் சொல்லின் கிரேக்க மூலமும் இதே பொருளைத் தருகிறது. ‘ஆர்க்கி’ என்பது தலைமையையும் ‘தெக்தோன்’ என்பது தச்சனையும் குறிக்கும். வடிவத்தை மனத்திற் கண்டவரே கட்டும் கைகளையும் நடத்தினார் என்பதை இவ்விரு சொல்லாக்கங்களும் உணர்த்துகின்றன. நம் நாட்டுக் கோயில் திருப்பணிகளில் இம்மரபின் எச்சத்தை இன்றும் காணலாம். ஸ்தபதியே அளவு வகுக்கிறார். அவரே சிற்பிகளை அழைத்து வந்து கோபுரத்துச் சுதை வேலையையும் முடித்துத் தருகிறார்.

ஐரோப்பாவில் தொழிற்புரட்சிக் காலத்தில் இப்பிரிவு வலுப்பெற்றது. லண்டனில் 1818-இல் குடிசார் பொறியாளர் கழகமும் 1834-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகமும் தோன்றின. வரைபவர் கட்டுமான ஆதாயத்தில் பங்கு கொள்ளாமல், உரிமையாளரிடம் கட்டணம் மட்டும் பெற்று, அவர்சார்பில் கட்டுபவரைக் கண்காணிக்க வேண்டும் என்னும் நெறி நாளடைவில் உருவாயிற்று. இதனால் உரிமையாளருக்கு நடுநிலையான ஒரு கண் கிடைத்தது. அதே நேரத்தில், ஒரு கையில் இருந்த பொறுப்பு இரு கைகளுக்குப் பிரிந்தது. எங்கள் மண்டபத்துக் கூரை அவ்விரு கைகளுக்கும் நடுவேதான் ஒழுகியது.

இவ்விடத்தில் நம் வழக்குச் சொல் ஒன்றையும் நோக்கலாம். தமிழ்நாட்டில் குத்தகை என்றால் நிலத்தை உழுதுகொள்ள விடும் ஏற்பாடே முதலில் நினைவுக்கு வரும். கட்டட வேலை எடுப்பவரை அங்கே ஒப்பந்தக்காரர் என்பர். மலேசியத் தமிழிலோ அவரே குத்தகையாளர். மலாய் மொழி வடிவமைத்துக் கட்டும் முறையை ‘ரேக்கா டான் பீனா’ என்கிறது. அதிலுள்ள ‘ரேக்கா’ நாம் ரேகை என வழங்கும் வடசொல்லின் உறவு. கோடு இழுப்பதும் கல் அடுக்குவதும் ஒரே தொடரில் இணைந்து நிற்பதை அப்பெயரே காட்டுகிறது.

முறைகள் சில

ஒரு கட்டடத்தை எண்ணத்திலிருந்து பயன்பாட்டிற்குக் கொண்டுவரும் ஏற்பாடுகள் பல. அவற்றை வேறுபடுத்திக் காண ஒரு கேள்வி போதும்: வடிவத்தில் பிழை நேர்ந்தால் யார் பதில் சொல்வது?

மரபு முறையில் வரைபடம் முழுமை பெற்ற பின்னரே டெண்டர் அழைக்கப்படும். வரைபடத்துக்கு ஆலோசகர் பொறுப்பு. வேலைத்தரத்துக்குக் குத்தகையாளர் பொறுப்பு. வடிவமைத்துக் கட்டும் முறையில் இரண்டிற்கும் குத்தகையாளர் ஒருவரே பொறுப்பு. டர்ன்கீ எனப்படும் சாவி ஒப்படைப்பு முறை இதனினும் ஒரு படி மேற்சென்று, கதவைத் திறந்து உள்ளே புகுந்து பயன்படுத்தத்தக்க நிலையில் அனைத்தையும் முடித்துத் தரக் கோருகிறது. கட்டி, இயக்கி, கட்டணம் வசூலித்துப் பின்னர் அரசிடம் ஒப்படைக்கும் சலுகை முறைக்கு நம் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை நன்கறிந்த எடுத்துக்காட்டாகும்.

ஃபிடிக் எனப்படும் ஆலோசகப் பொறியாளர்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 1999-இல் வெளியிட்ட ஒப்பந்த நூல்கள் இவ்வேறுபாட்டை நிறத்தாலேயே காட்டின. உரிமையாளர் தரப்பு வடிவமைக்கும் பணிக்குச் சிவப்பு நூல். குத்தகையாளர் வடிவமைக்கும் பணிக்கு மஞ்சள் நூல். சாவி ஒப்படைப்பிற்கு வெள்ளி நூல். வெள்ளியை நோக்கிச் செல்லச் செல்லக் குத்தகையாளர் தோளில் இடர்ப்பாடு கூடும். இடர்ப்பாட்டை ஏற்பவர் அதற்குரிய விலையையும் சேர்த்தே கேட்பார்.

நம் நாட்டிலும் முறை மாற்றம் பேசப்பட்டதுண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு எம்.ஆர்.டி. இரயில் திட்டம், அரசின் சார்பில் பிற குத்தகையாளர்களை மேற்பார்வையிடும் ‘திட்ட அமலாக்கப் பங்காளி’ என்னும் ஏற்பாட்டில் தொடங்கிற்று. 2018-இல் அதன் இரண்டாம் தடம் டர்ன்கீ முறைக்கு மாற்றப்பட்டது. மதிப்பிடப்பட்ட செலவு 39.35 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 30.53 பில்லியன் ரிங்கிட்டாகக் குறையும் என அப்போது அறிவிக்கப்பட்டது. பணியின் அளவும் அத்துடன் குறைக்கப்பட்டமையால், குறைவு முழுவதையும் முறையின் வெற்றி எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இயங்கும் விதம்

வடிவமைத்துக் கட்டும் முறையில் உரிமையாளர் முழு வரைபடம் தருவதில்லை. தமக்கு என்ன வேண்டும் என்பதை எழுதித் தருகிறார். இதனைத் தேவை அறிக்கை என்போம். நம் பொதுப்பணி இலாகாவும் இம்முறைக்கெனத் தனி ஒப்பந்தப் படிவம் வைத்துள்ளது. போட்டியிடும் குத்தகையாளர்கள் தேவை அறிக்கையைப் படித்து, தம் கட்டடக் கலைஞர், பொறியாளர் துணையுடன் முன்மொழிவு ஒன்றை அளிப்பர். அதில் வடிவமும் விலையும் சேர்ந்தே இருக்கும். மரபு முறையில் ஒரே வரைபடத்திற்கான பல விலைகளை ஒப்பிடுகிறோம்; இங்கோ வேறுவேறு வடிவங்களையும் விலைகளையும் ஒருசேர ஒப்பிட வேண்டியுள்ளது. மலிவான விலைக்குப் பின்னே மலிவான வடிவம் இருக்கக்கூடும்.

தேர்வு முடிந்தபின் விலை பெரும்பாலும் முழுத்தொகையாக உறுதி செய்யப்படும். கூரையின் நுணுக்கங்கள் வரையப்படும்போதே நிலத்தில் கடைக்கால் வேலை தொடங்கிவிடலாம். காலம் மிச்சமாகும். கட்டுபவரின் பட்டறிவு வரைபலகைக்கு நேரே செல்வதால் வீண்செலவும் குறையும். உரிமையாளர் வரைபடங்களைப் பார்வையிடலாம், கருத்துரைக்கலாம். ஆனால் தேவை அறிக்கையில் இல்லாத ஒன்றை இடையில் கேட்டால் அது மாற்றுப் பணியாகக் கருதப்படும். அதற்குத் தனி விலை, தனிக் காலம்.

இம்முறையின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். கட்டடக் கலைஞருக்கு இப்போது ஊதியம் தருபவர் குத்தகையாளர். உரிமையாளரின் கண்ணாக இருந்தவர் எதிர்த்தரப்பிற்குச் சென்றுவிடுகிறார். 2007 ஏப்ரல் முதல் நம் நாட்டில் சி.சி.சி. எனப்படும் கட்டட நிறைவு, இணக்கச் சான்றிதழை ஊராட்சி மன்றத்திற்குப் பதிலாகத் தொழில்முறைக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்குகின்றனர். சட்டப்படி அவர் பொதுமக்கள் பாதுகாப்பிற்குப் பொறுப்புடையவர். ஆயினும், உரிமையாளரின் விருப்பத்தைக் காத்தல் அவர் கடமையாகிவிடாது. ஆகவே உரிமையாளர் தமக்கெனத் தனி ஆலோசகர் ஒருவரை அமர்த்திக்கொள்வது நலம்.

எங்கள் சங்கம் கூரையால் பட்ட பாட்டிற்குப் பின், உணவுக்கூடத்தை இம்முறையில் கட்ட முடிவு செய்தது. ஆலோசகருக்குச் செலவிட மனமில்லை. தேவை அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. “உணவுக்கூடம் நல்ல காற்றோட்டம் உடையதாக இருத்தல் வேண்டும்” என்று எழுதினேன். எதிரெதிர்ச் சுவர்களில் அகன்ற சன்னல்கள் என்பதே எங்கள் அனைவர் மனத்திலும் இருந்த பொருள். குத்தகையாளர் ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்து, மறுபக்கச் சுவரில் காற்றை வெளியேற்றும் மின்விசிறிகளைப் பொருத்தினார். அதுவும் காற்றோட்டமே. அவர் எந்தச் சொல்லையும் மீறவில்லை. சுவரை உடைத்துச் சன்னல் வைக்க அவர் கேட்ட கூடுதல் தொகை எங்களிடம் இல்லை. இன்றும் நண்பகலில் அங்கே உண்போர் வியர்த்துக்கொண்டே உண்கின்றனர். கூரை ஒழுகியபோது பிறரைக் குறை கூறினேன். இம்முறை பிழை என் வாக்கியத்தில் இருந்தது.

ஒரு வாக்கியத்தின் விலை

சொல்லின் பொறுப்பு குத்தகையாளர் தோளிலும் ஏறுவதுண்டு. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள சோல்வே கழிமுகத்தில் ராபின் ரிக் என்னும் கடற்காற்றாலைப் பண்ணை உள்ளது. அதன் 60 காற்றாலைகளுக்கு அடித்தளம் வடிவமைத்து நிறுவும் பணியை எம்.டி. ஹோய்கார்ட் என்னும் டேனிய நிறுவனம் ஏற்றது. அப்போதைய உரிமையாளர் இ.ஆன் நிறுவனம். ஒப்பந்தம் சுட்டிய ஜே101 என்னும் அனைத்துலகத் தரநெறியைக் குத்தகையாளர் கவனத்துடன் பின்பற்றினார். ஆனால் அத்தரநெறியின் சமன்பாடு ஒன்றிலேயே பிழை இருந்தது. இணைப்பின் வலிமை ஏறக்குறையப் பத்து மடங்கு மிகையாகக் கணிக்கப்பட்டது. அடித்தளங்களைச் செப்பனிட 2 கோடியே 62.5 லட்சம் யூரோ செலவாகும் என இரு தரப்பும் ஒப்பின. யார் தருவது என்பதே வழக்கு.

முதல் நீதிமன்றம் உரிமையாளர் பக்கமும், மேல்முறையீட்டு நீதிமன்றம் குத்தகையாளர் பக்கமும் தீர்த்தன. இறுதியில் 2017 ஆகஸ்டில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் குத்தகையாளரே பொறுப்பு என்றது. ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பகுதிக்குள் ஒதுங்கிக் கிடந்த ஒரு வாக்கியம், அடித்தள வடிவமைப்பு 20 ஆண்டு ஆயுளை உறுதி செய்ய வேண்டும் என்னும் பொருள் தந்தமையே அதற்கு அடிப்படை. தரநெறியைப் பின்பற்றியது அவ்வாக்குறுதியிலிருந்து குத்தகையாளரை விடுவிக்கவில்லை.

இங்கே இருவகை வாக்குறுதிகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். “உரிய திறமையுடனும் கவனத்துடனும் வடிவமைப்பேன்” என்பது ஒன்று. “வடிவமைத்த பொருள் அதன் நோக்கத்திற்குப் பயன்படும்” என்பது மற்றொன்று. முதலாவது செய்பவரின் செயலைப் பற்றியது. இரண்டாவது செய்பொருளின் பயனைப் பற்றியது. ஆசிரியர் ஒருவர் நன்கு கற்பிப்பேன் என்று உறுதி கூறலாம். எல்லா மாணவரும் சிறப்புத் தேர்ச்சி பெறுவர் என்று உறுதி கூறுவாரா? கட்டடக் கலைஞர்களும் பொதுவாக முதல் உறுதியையே தருவர். கட்டித் தரும் குத்தகையாளரிடம் உரிமையாளர் எதிர்பார்ப்பதோ இரண்டாவது. எது வேண்டும் என்பதை ஒப்பந்தம் வெளிப்படையாகச் சொல்லாவிடில், அதனை நீதிமன்றத்தில்தான் கண்டறிய வேண்டிவரும்.

நாம் செய்யத்தக்கவை

தமிழ்ப்பள்ளி வாரியங்களும் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் பொதுமக்கள் பணத்தில் கட்டுகின்றன. அவற்றிற்கு நான்கு கருத்துகளை முன்வைக்கிறேன்.

தேவையை அளக்கத்தக்க சொற்களில் எழுதுக. ‘நல்ல’, ‘போதிய’, ‘தரமான’ என்னும் அடைகள் உரையாடலுக்கு உதவும்; ஒப்பந்தத்தில் வழக்கிற்கு வித்தாகும். “நண்பகலில் 200 பேர் உண்ணும்போது மின்விசிறி இன்றியே காற்று ஊடுருவும் வகையில் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகள் அமைதல் வேண்டும்” என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமையும். விவாதம் தமிழில் நடக்கும். எம்மொழிப் படி செல்லுபடியாகும், தேவை அறிக்கையும் முன்மொழிவும் முரண்பட்டால் எது மேம்படும் என்பவற்றை முன்னரே எழுதி வைக்குக.

கையொப்பமிட்ட பின் மனம் மாறாதிருக்க, கையொப்பத்திற்கு முன் நீண்ட காலம் எடுத்துக்கொள்க. பள்ளியாயின், அக்கட்டடத்தில் நாள்தோறும் பணிபுரியும் ஆசிரியர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் கேளுங்கள்.

குத்தகையாளரின் தகுதியைச் சரிபார்க்க. சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் குத்தகையாளர்களை ஜி1 முதல் ஜி7 வரை வகைப்படுத்துகிறது. ஜி1 பிரிவினர் குறைந்த மதிப்புள்ள பணிகளையே ஏற்கலாம். ஜி7 பிரிவினர்க்கு வரம்பில்லை. வடிவமைப்புப் பிழைக்குரிய காப்புறுதி உண்டா என்பதையும் கேட்டறிக.

செய்யுளில் ஒரு சொல் இருபொருள் பட நிற்பதை இரட்டுற மொழிதல் எனப் போற்றி மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அதே வகுப்பறையில், ஒரு பொருளே பட எழுதும் பயிற்சியையும் தருதல் வேண்டும். “நம் பள்ளிக்கு ஒரு நூலகம் வேண்டும், அதன் தேவை அறிக்கையை ஒரு பக்கத்தில் எழுதுக” என ஒரு கட்டுரைப் பயிற்சி தாருங்கள். பின்னர் ஒருவர் எழுதியதை மற்றொருவர் குத்தகையாளராக இருந்து படித்து, எங்கெங்கு வேறு பொருள் கொள்ள இடமுண்டு எனக் கண்டு சொல்லட்டும். என் மாணவப் பருவத்தில் அப்படியொரு பயிற்சி கிடைத்திருந்தால், எங்கள் உணவுக்கூடத்தின் மறுசுவரிலும் சன்னல்கள் இருந்திருக்கும்.