பழைய ஜன்னலில் ஒரு கண்ணாடி வீடு

தைப்பொங்கல் முடிந்த கையோடு மேல் தோட்டங்களில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை ஓய்ந்து, வானம் வெளித்து, ராத்திரி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளை. நுவரெலியாப் பட்டணமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் தை, மாசியில் உறைபனி கொட்டுவது நமக்குப் புதுசில்லை. ஓடையோரத்துத் தேயிலை கருகினால் எத்தனை ஏக்கர் என்று பார்க்கக் கண்டக்டர் ஐயா வருவார். லயத்துக்குப் பின்னால் அப்பாயி போட்ட தக்காளி நாற்று கருகினால் யார் வரப்போகிறார்கள்?

அந்த நாற்று சின்ன விஷயமும் இல்லை. 2022ஆம் ஆண்டு நாட்டில் நெருக்கடி வந்தபோது, செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பொருள் விலை முந்தின வருஷத்தைவிட 90 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. நாலு பாத்தி மரக்கறி வைத்திருந்த வீட்டில் கறிக்கு ஏதோ இருந்தது. இல்லாத வீட்டில் சம்பலோடு ரொட்டி. அதனால்தான் இந்த இதழில் கண்ணாடி வீடு கட்டுவதைப் பற்றி எழுதுகிறோம். கண்ணாடி வீடு என்றதும் பயப்பட வேண்டாம். கழற்றிப் போட்ட ஜன்னலும் கதவும் இருந்தால் போதும்.

நம்மில் வயதானவர்கள் கண்ணாடி வீட்டைப் பார்த்தே இருப்பார்கள். துரை பங்களாத் தோட்டத்தில் பூச்செடி வளர்க்க அப்படி ஒன்று இருக்கும். அதன் கண்ணாடியைத் துடைத்தவர்களும், உள்ளே தண்ணீர் ஊற்றியவர்களும் நமது தாத்தாமார்தான். தேயிலைக்கும் கண்ணாடிக்குமே ஒரு பழைய உறவு உண்டு. 1850ஆம் ஆண்டை ஒட்டி ரொபர்ட் ஃபோர்ச்சூன் என்ற வெள்ளைக்காரர் சீனத்திலிருந்து இந்தியாவுக்குத் தேயிலைக் கன்றுகளைக் கப்பலில் கொண்டு போனது மூடிய கண்ணாடிப் பெட்டிகளில்தான். கடல் காற்றும் உப்பும் படாமல் கன்றுகள் அதற்குள்ளே பிழைத்துக் கிடந்தன. துரை வீட்டுப் பூவுக்கும் கப்பலேறிய கன்றுக்கும் கிடைத்த அந்த வசதி நம்ம வீட்டுத் தக்காளிக்கும் கிடைக்கட்டுமே.

கண்ணாடி என்ன செய்கிறது? அது சூடு உண்டாக்குவதில்லை, உள்ள சூட்டைப் போகவிடாமல் வைத்திருக்கிறது. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே போய் மண்ணைச் சுட வைக்கிறது. மண்ணால் சூடான காற்று மேலே எழும்பி ஓடப் பார்க்கும். கண்ணாடி தடுத்துவிடும். இரவில் மண் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். ஆகவே பகலில் வெயில் படாத இடத்தில் கண்ணாடியைப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. உள்ளே நாலைந்து பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்தால் இன்னும் நல்லது. ஒரே நிறையுள்ள கல்லைவிடத் தண்ணீர் நாலைந்து மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்.

இன்னொரு விஷயத்தை நம் ஊரில் பலர் கவனிப்பதில்லை. மேல் தோட்டங்களில் நாற்றைக் கெடுப்பது குளிர் மட்டுமில்லை, மழையும்தான். தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே கிழமையில் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருகல் நோய்க்கு இலை மணிக்கணக்கில் நனைந்திருக்க வேண்டும். மேலே மூடி இருந்து இலை காய்ந்திருந்தால் நோய் பெருகுவது குறையும். குளிர் குறைந்த தோட்டத்து ஆட்களுக்கும் இது பயன்படும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

சரி, எங்கே வைப்பது? பள்ளத்தில் வைக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடையோரத்துத் தேயிலை கருகும்போது சரிவுத் தேயிலை தப்புவது இதனால்தான். லயத்துக்குக் கீழ்ப்பக்கம் அடைத்த வேலி இருந்தால், குளிர்காற்று வடிந்து போக அதில் ஒரு சந்து விடுங்கள். அடுத்தது, காலை வெயில் விழும் இடமாகப் பாருங்கள். குளிர்நாட்டுப் புத்தகங்களில் தெற்குப் பார்த்து வை என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அது அவ்வளவு பொருந்தாது. இங்கே உச்சி வெயில் மார்கழி, தையில் தெற்கே சாயும், ஆனி மாதத்தில் வடக்கே சாயும், எப்படியும் தலைக்கு மேலேதான் நிற்கும். பனி விழுந்த காலையில் முதல் வெயில் எவ்வளவு வெள்ளனப் படுகிறது என்பதுதான் முக்கியம். அதனால் கிழக்குப் பார்த்து வையுங்கள்.

ஜன்னல் எங்கே கிடைக்கும்? பழைய லயம் இடிக்கும்போது, ஸ்டோரிலோ கிளார்க்கர் வீட்டிலோ அலுமினிய ஜன்னல் மாற்றும்போது, மரச் சட்ட ஜன்னல்களைக் கொட்டகைக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பார்கள். கிடக்கிறதே என்று எடுத்து வந்துவிடாதீர்கள். ஆபீசில் கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓசியில் வந்த ஜன்னலுக்காக வாட்ச்சரிடம் பேச்சு வாங்க வேண்டிவரும். லயத்துக் கொல்லையும் தோட்டத்து நிலம்தான். சீமெந்து போட்டு அத்திவாரம் கட்டாமல், கல்லின்மேல் தூக்கி வைக்கிற மாதிரி செய்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். வீடு மாறினாலும் கையோடு கொண்டு போகலாம்.

பழைய பெயின்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். அது பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. உரிந்து நிற்கும் பெயின்டை உலர வைத்துத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைப் பேப்பரில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு புதுப் பூச்சு ஒன்று அடியுங்கள். பெயின்ட் அடித்த பலகைத் துண்டுகளை அடுப்பில் வைத்து எரிக்கவே கூடாது. உடைந்த அஸ்பெஸ்டஸ் தகட்டைச் சுவருக்கு வைப்பதும் வேண்டாம்.

முதலில் சின்னதாக ஒரு பெட்டி செய்து பாருங்கள். நாலடிக்கு இரண்டடி ஜன்னல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுக்கே அடியும் மேலும் இல்லாத ஒரு பலகைப் பெட்டி. பின்பக்கம் 15 அங்குல உயரம், கிழக்குப் பார்த்த முன்பக்கம் 9 அங்குலம். பக்கப் பலகைகளைச் சாய்வாக அறுத்துக்கொள்ளுங்கள். பலகை மண்ணில் பட்டால் கறையான் தின்னும், நாலு மூலைக்கும் கல் வையுங்கள். கழிவு எண்ணெய் பூசுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. சாப்பிடுகிற பயிருக்குப் பக்கத்தில் அது வேண்டாம். ஜன்னலை மேலே வைத்து, பின்பக்கத்தில் இரண்டு பிணைச்சல் அடித்தால் மூடி தயார். பிணைச்சல் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டயரில் இரண்டு துண்டு வெட்டி ஆணி அடியுங்கள், அதுவே மடங்கும்.

ஜன்னல் என்பது நிமிர்ந்து நிற்கச் செய்த சாமான். அதைப் படுக்க வைத்தால் கீழ்ச்சட்டத்து ஓரத்தில் தண்ணீர் தேங்கும், ஒரே மழைக்காலத்தில் மரம் உளுத்துவிடும். கீழ்ச்சட்டத்தில் அரத்தால் இரண்டு மூன்று இடத்தில் சின்ன வாய்க்கால் மாதிரி அறுத்துவிடுங்கள். புட்டி வைத்த பக்கம் வெளியே இருக்கட்டும். உதிர்ந்த இடத்தில் புதுப் புட்டி வையுங்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். பிள்ளை பராமரிப்பு நிலையம் ஒன்றின் பின்பக்கத்தில் முதல் பெட்டியை நாங்களே செய்து, இருநூறு தக்காளி நாற்று வளர்த்தோம். ஒரு இரவு கடும் பனி. விடிந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளை, பெட்டிக்குள்ளே ஒரு இலைகூட வாடவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மூடியை இறுக மூடிவிட்டு, அடுத்த டிவிஷனில் ஒரு கூட்டத்துக்குப் போனோம். திரும்பியபோது மணி மூன்று. இருநூறு நாற்றும் கடைந்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தது. நிலையத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற அம்மா சொன்னார்: "குளிருல சாகல சார், நீங்கதான் வேக வெச்சிட்டீங்க."

உண்மைதான். பனி விழுந்த இரவுக்கு அடுத்த பகல்தான் மேகமே இல்லாத சுள்ளென்ற வெயில். மூடிய பெட்டிக்குள் வெக்கை 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். பிஞ்சு நாற்று அதில் ஒரு மத்தியானம்கூடத் தாங்காது. பங்களாவில் கண்ணாடி வீட்டைத் திறந்து மூட ஒரு ஆள் இருந்தார். நமக்கோ காலையில் பெரட்டு, பிறகு மலை, அந்திக்குத்தான் வீடு. பத்து மணிக்கு மூடியைத் திறக்க யார் இருக்கிறார்கள்? பெட்டி செய்யும் முன்னால் வீட்டில் இந்தக் கேள்வியைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஒரு வழி, படிக்குச்சி. ஒரு முழக் குச்சியில் மூன்று படி வெட்டி மூடிக்கு முட்டுக் கொடுப்பது. மந்தாரமான நாளுக்கு முதல் படி, வெயிலுக்கு இரண்டாம் படி, சுள்ளென்ற வெயிலுக்கு மூன்றாம் படி. வீட்டில் இருக்கிற தாத்தாவோ அப்பாயியோ இருந்த இடத்திலேயே செய்துவிடலாம். பகலில் வீட்டில் யாருமே இல்லை என்றால், வேலைக்கு இறங்கும்போதே இரண்டாம் படியில் வைத்துவிட்டுப் போங்கள். நாற்று கொஞ்சம் மெதுவாக வளரும், ஆனால் வேகாது. அந்திக்கு வந்ததும் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் முன்னே மூடினால் பகல் சூடு உள்ளேயே தங்கும். பனி விழும் போலத் தெரிந்தால் கண்ணாடிக்கு மேல் பழைய படங்கையோ சாக்கையோ விரியுங்கள். இதற்கும் முடியாத வீட்டில், ஜன்னலின் மேல்வரிசைக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு வலை அடித்துவிடலாம். ராத்திரிச் சூடு கொஞ்சம் போகும்தான். முழுவதும் வேகிறதைவிடப் பாதி குளிருவது மேல் என்பது எங்கள் எண்ணம்.

தண்ணீரைக் காலையிலேயே ஊற்றுங்கள். அந்தியில் ஊற்றி மூடினால் இரவெல்லாம் ஈரம் நின்று, நாற்றின் தண்டு மண்ணோடு அழுகிச் சாயும்.

பெட்டி கைவந்தவர்கள் அடுத்ததாக ஆள் நுழையும் வீடு கட்டலாம். எட்டடிக்கு ஆறடி போதும். கருப்பந்தைல மரத்தில் கப்பு வெட்டி நாலு மூலைக்கும் நடுங்கள். லயத்துப் பழைய கதவுகள் முழுப் பலகை, வெளிச்சம் போகாது. அவற்றைத் தென்மேற்குப் பக்கம் சுவராக நிறுத்துங்கள். வைகாசிக்குப் பிறகு அடிக்கும் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். கிழக்கே முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி அதன்மேல் ஜன்னல்கள். கூரைக்கு மட்டும் கண்ணாடி வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் விளையாடுகிற இடம், ஒரு கல் போதும், உடைந்தது தலையில் விழும். கூரைக்கு வெயில் தாங்கும் பொலித்தீன் வாங்குங்கள். சாதாரணப் பொலித்தீன் சில மாதத்தில் வெயிலில் பொரிந்து கிழிந்துவிடும். கூரையின் கிழக்கு ஓரம் உயர்ந்து மேற்கே சாயட்டும். காற்று அடியில் புகுந்து தூக்காமல் சட்டங்களைக் கப்போடு சேர்த்துக் கம்பியால் கட்டுங்கள். மேலே கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். இங்கும் படிக்குச்சிக் கதைதான்.

என்ன வைக்கலாம்? கோவா, லீக்ஸ், கரட் வெளியிலேயே குளிரைத் தாங்கும், அவற்றுக்கு நாற்றுப் பருவத்தில் மட்டும் பெட்டி போதும். உள்ளே நிற்க வேண்டியது தக்காளியும் கறிமிளகாயும். தக்காளி பூத்ததும் காலை பத்து மணியளவில் செடியை மெல்ல ஆட்டிவிடுங்கள். உள்ளே காற்று இல்லாததால் மகரந்தம் தானாக உதிராது. பூசணி, வெள்ளரி போடுபவர்கள் தேனீ வந்து போகக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். எங்களைக் கேட்டால் பூசணிக்கு அந்த இடத்தைக் கொடுப்பது வீண்.

பெட்டியில் வளர்ந்த நாற்றை உடனே வெளியே நடாதீர்கள். ஒரு கிழமைக்குப் பகலில் மூடியை முழுக்கத் திறந்து வைத்து, கடைசி இரண்டு இரவு, பனி விழாத நாளாகப் பார்த்து, மூடாமலே விட்டுப் பழக்குங்கள். பிறகு அந்தி நேரத்தில் நடலாம்.

ஜன்னல் கிடைத்தும் பலகை அளவு பிடிக்கத் தெரியவில்லை என்றால், ஜன்னலின் நீள அகலத்தை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு உங்கள் டிவிஷன் நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்தனுப்புங்கள். எத்தனை பலகை, எந்த நீளம், எங்கே சாய்வு என்று எழுதித் தருகிறோம். கொடுக்கும்போது பகலில் மூடியைத் திறக்கப் போவது யார் என்று கட்டாயம் கேட்போம், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.