யாரும் கேட்காத பேச்சு

“ஒருத்தரும் கேக்காட்டியும் சொல்லிக்கொண்டே இருக்கிறான் அண்ணை. என்னத்துக்கு எண்டுதான் விளங்கேல்லை.”

லண்டன் ஹாரோவில், சொதி கொதிக்கும் அடுப்பில் ஒரு கண் வைத்தபடி அந்தத் தாய் சொன்னார். ஆறு வயது மகன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. தண்ணீர் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க மாட்டான். அம்மாவின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போவான். ஆனால் சுரங்க ரயிலில் ஒலிக்கும் ‘மைண்ட் த கேப்’ அறிவிப்பு மட்டும் அச்சு அசலாக வரும். குரல் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கும். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவான், தானே கேட்டு ரசிப்பதுபோல. பிறகு மறுபடியும்.

ரசிப்பதுபோல என்ன, ரசிக்கவே செய்கிறான் என்பார்கள் நடத்தைப் பகுப்பாய்வாளர்கள். ஒரு செயலால் கிடைக்கும் பலன் அதே செயலை மறுபடி செய்யவைத்தால் அதற்கு வலுவூட்டல் என்று பெயர். குழந்தை அழுதால் பால் கிடைக்கிறது. அதை இன்னொருவர் தர வேண்டும். முதுகு அரித்தால் சொறிந்துகொள்கிறோம். அந்தச் சுகத்தை யாரும் தர வேண்டியதில்லை, சொறிவதிலேயே இருக்கிறது. இந்த இரண்டாவது வகைதான் தானியங்கி வலுவூட்டல்.

பேச்சு பெரும்பாலும் முதல் வகை. பி.எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட ‘வெர்பல் பிஹேவியர்’ நூலில் பேச்சை இலக்கணப்படி பிரிக்கவில்லை. அது செய்யும் வேலையைப் பார்த்துப் பிரித்தார். தாகத்தில் ‘தண்ணி’ என்றால் அது ‘மேண்ட்’. குழாய் ஒழுகுவதைப் பார்த்து ‘தண்ணி’ என்றால் ‘டாக்ட்’. அம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னால் ‘எக்கோயிக்’. சொல் ஒன்று, வேலை மூன்று. படத்தைக் காட்டினால் ‘ஆப்பிள்’ என்று சொல்லும் பிள்ளை, பசிக்கும்போது அதையே கேட்கத் தெரியாமல் அழுவது இதனால்தான்.

அந்த நூல் பிறந்த கதையில் ஒரு பழைய லண்டன்காரர் இருக்கிறார். இம்பீரியல் காலேஜில் கணிதம் கற்பித்துவிட்டு 1924இல் அமெரிக்கா போன தத்துவஞானி ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட். 1934இல் ஹார்வர்டில் ஒரு விருந்தில், மனித நடத்தை எல்லாவற்றையும் விஞ்ஞானமாக விளக்கிவிடலாம் என்று இளைஞர் ஸ்கின்னர் அவரிடம் அடித்துப் பேசினார். மற்றதெல்லாம் இருக்கட்டும், இந்த மேசைமேல் கருந்தேள் எதுவும் விழவில்லை என்று நான் இப்போது சொன்னால் அதை எப்படி விளக்குவாய் என்றார் பெரியவர். மறுநாள் காலையே ஸ்கின்னர் எழுத உட்கார்ந்தார். நூல் வெளிவர 23 வருடம் ஆயிற்று. ஒரு கருந்தேள் படுத்திய பாடு!

எனக்கு அந்த நூலில் பிடித்த இடம் மழலை. மழலையின் இனிமை என்றதும் நமக்கு வள்ளுவர் நினைவுக்கு வருவார். ஆனால் அங்கே இனிமை கேட்கிற பெற்றோருக்கு. உளறுகிற குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பது ஸ்கின்னரின் கேள்வி. தனியாகக் கிடந்து உளறும்போது, மற்றவர் வாயில் கேட்ட ஒலியின் சாயல் தன் வாயிலிருந்தே வந்தால், அதுவே அதற்குப் பரிசு என்றார். ஓ.எச். மௌரர் 1950 வாக்கில் பேசும் பறவைகளை வைத்து இதையே வேறு வழியில் சொன்னார். தீனி போடும்போதெல்லாம் ஒரு சொல்லைச் சொல்லிவந்தால் அந்தச் சொல்லே பறவைக்கு இனித்துப்போகும். பிறகு ஆளில்லாத நேரத்தில் தானே சொல்லிப் பார்க்கும். சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை என்று ஏளனம் செய்கிறோம். கிளிக்கு அதில் ஆதாயம் இருக்கிறது.

1996இல் மார்க் சண்ட்பெர்க்கும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே புதிய ஒலிகளைச் சொல்லிக்காட்டினார்கள். ‘சொல்லு’ என்று கேட்கவில்லை, சொன்னால் பரிசும் கொடுக்கவில்லை. குழந்தைகள் பிறகு தாமாகவே அவற்றைச் சொல்லத் தொடங்கினார்கள். பின்னால் வந்த சோதனைகளில் சில பிள்ளைகளிடம் இது பலித்தது, சிலரிடம் பலிக்கவில்லை.

பலன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் ‘தானியங்கி’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டால், வலுவூட்டல் என்ற சொல்லுக்கே என்ன பொருள்? 1959இல் நோம் சோம்ஸ்கி எழுதிய மதிப்புரையின் அடிகளில் இதுவும் ஒன்று. நியாயமான அடிதான்.

பதில் சோதனைக்கூடத்திலிருந்து வந்தது. 1978இல் ஆர்னால்ட் ரிங்கோவர், மேசைமேல் தட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சிறுவனின் மேசைக்குக் கம்பளம் விரித்தார். தட்டு சுழன்றது, சத்தம் மட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சிறுவன் சுழற்றுவதை விட்டுவிட்டான். அவன் தேடியது அந்தக் கிணுகிணுப்பைத்தான். எவர்சில்வர் தட்டைத் தரையில் சுழலவிட்டு, அது படபடவென்று அடங்கும்வரை காது கொடுத்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 1982இல் பால்டிமோரில் பிரையன் இவாட்டா குழு இன்னும் முறையாகச் செய்தது. பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவன்மேல் கவனம் காட்டிப் பார், வேலை கொடுத்துவிட்டு அடித்துக்கொண்டதும் விட்டுப் பார், விளையாடவிட்டுப் பார், தனியே விட்டுப் பார். தனிமையிலும் தொடர்ந்தால், பலன் உள்ளேயிருந்தே வருகிறது என்று கொள்ள இடமுண்டு.

லண்டனில் 1997இல் பெற்றோர் சிலர், நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி உட்பட, ஆட்டிசம் உள்ள தங்கள் பிள்ளைகளுக்காக ‘ட்ரீஹவுஸ்’ பள்ளியை நடத்தைப் பகுப்பாய்வு முறையில் தொடங்கினார்கள். இன்று பள்ளி மஸ்வெல் ஹில்லில் இருக்கிறது. இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. கையை ஆட்டுவதும் ஒரே சொல்லை உருப்போடுவதும் எங்கள் ஆறுதல், அதை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று வளர்ந்த ஆட்டிசக்காரர்களே கேட்கிறார்கள். மண்டையைச் சுவரில் மோதும் பிள்ளையைத் தடுக்கத்தான் வேண்டும். ‘மைண்ட் த கேப்’ யாரை நோகடிக்கிறது? எல்லாவற்றுக்கும் கம்பளம் விரிக்க வேண்டியதில்லை.

அந்த அறிவிப்புக்கே ஒரு கதை உண்டு. எம்பேங்க்மென்ட் நிலையத்தில், நார்தர்ன் பாதையின் வடக்கு நோக்கிய மேடையில் ஒலிக்கும் குரல் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகருடையது. அவர் 2007இல் இறந்தார். அதன் பிறகு அவருடைய மனைவி அங்கே போய், ரயிலை விட்டுவிட்டு, குரலுக்காகவே உட்கார்ந்திருப்பாராம். 2012இல் புதிய ஒலிப்பதிவு வந்து அந்தக் குரல் போயிற்று. மனைவி கேட்டுக்கொண்டதன் பேரில் 2013இல் திரும்ப வந்தது.

இதைச் சொன்னதும் அந்தத் தாய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கு இரண்டு மொழி குழப்பம், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று யாரோ ஒரு நிபுணர் முன்பு சொல்லியிருக்கிறார். இவரும் மூன்று வருடம் அப்படியே செய்திருக்கிறார். பாலும் மடியும் தாலாட்டும் தமிழில். பிறகு திடீரென்று எல்லாம் அவருக்கே ஒட்டாத ஆங்கிலத்தில். இரு மொழி கேட்பது ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை என்றேன். “அப்ப நான் சும்மாதான் நிப்பாட்டினனானோ?” என்றார்.

போன மாதம் தொலைபேசியில் பேசினார். ரயிலிலிருந்து இறங்கும்போதெல்லாம் இப்போது அவர் மகன் கையைப் பிடித்து, “பாத்து இறங்கு ராசா” என்கிறாராம். அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒருநாள் இரவு, விளக்கணைத்த பிறகு மாடியிலிருந்து ‘மைண்ட் த கேப்’ கேட்டது. கொஞ்சம் நிறுத்தி, அவருடைய அதே இழுவையில், “பாத்து இறங்கு ராசா.” இரண்டு தரம், மூன்று தரம்.

“மேல போகேல்லை அண்ணை. படியடியில நிண்டு கேட்டனான்.”