மோட்டார் சுழன்றதும் போர்டு மயங்குவது ஏன்?

பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்கள் செய்யும் ஆர்டுவினோ திட்டங்களுக்கு ஒரே மாதிரியான நோய் ஒன்று வருவதுண்டு. கணினியோடு இணைத்துச் சின்ன விளக்கை எரியவிடும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். கணினியைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியை மாட்டி, மோட்டாரையும் சேர்த்ததும் கதை மாறிவிடும். மோட்டார் ஒரு துடிப்புத் துடிக்கும், போர்டில் உள்ள விளக்கு அணைந்து எரியும், நிரல் முதலிலிருந்து தொடங்கும், மறுபடியும் மோட்டார் துடிக்கும். மாணவர்கள் உடனே நிரலைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். விடிய விடியத் திருத்தினாலும் பயன் இருக்காது. பெரும்பாலும் கோளாறு இருப்பது மின்சாரம் வரும் வழியில்தான்.

பள்ளிகளில் அதிகம் புழங்கும் ஆர்டுவினோ யூனோ போர்டையே எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் இருக்கும் கறுப்புச் சில்லு 5 வோல்ட்டில் இயங்குகிறது. அதன் ஒவ்வொரு வெளியீட்டு முனையும் சிரமமில்லாமல் தரக்கூடிய மின்னோட்டம் சுமார் 20 மில்லி ஆம்பியர். 40 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் சில்லு கெட்டுப்போகலாம். எல்லா முனைகளும் சேர்ந்தாலும் 200க்கு மேல் போகக்கூடாது. ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்குக்கு இது தாராளம். விளக்கு 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 3 வோல்ட். 220 ஓம் மின்தடையைத் தொடராக வைத்தால் ஓடுவது ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர்.

மோட்டாரின் பசி வேறு. சின்ன விளையாட்டுக் கார் மோட்டார்கூட நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது பல நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். அந்தக் காலத் தோட்டத்துக் கங்காணி ஆளுக்கு ஆள் வேலை சொல்வார், பால் வாளியை அவர் தூக்கமாட்டார். போர்டின் முனைகளும் அப்படித்தான். ‘சுழல்’, ‘நில்’ என்று கட்டளை தரலாம். சுமையைத் தூக்க வேறு ஆள் வேண்டும். மோட்டாருக்கு அந்த ஆள் ஒரு டிரான்சிஸ்டர் அல்லது மோட்டார் டிரைவர் போர்டு. டிரான்சிஸ்டர் வைத்தால் மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே ஒரு டையோடையும், கோடு போட்ட பக்கம் நேர்முனையை நோக்கி இருக்கும்படி, போட்டுவிட வேண்டும். மோட்டாரை நிறுத்தும் கணத்தில் அதன் கம்பிச்சுருள் எழுப்பும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடாமல் காப்பது அந்த டையோடுதான்.

இனி அந்த 9 வோல்ட் பேட்டரிக்கு வருவோம். தலையில் இரண்டு பொத்தான் வைத்த பெட்டி போன்ற பேட்டரி அது. உள்ளே 1.5 வோல்ட் குட்டி மின்கலன்கள் ஆறு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் அதிகம், ஆனால் சரக்கு குறைவு. நல்ல ஆல்கலைன் வகையில்கூட சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான். சாதாரண டபுள் ஏ மின்கலனில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்கும். இந்தப் பேட்டரி, புகை எச்சரிக்கைக் கருவி போல மிகக் குறைவாக மின்சாரம் உண்ணும் பொருள்களுக்கே ஏற்றது. மோட்டார் திடீரென்று இழுக்கும்போது பேட்டரியின் உள்தடையால் மின்னழுத்தம் சரிகிறது. சில்லுக்கு வரும் மின்னழுத்தம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், தவறாகக் கணக்குப் போடுவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று அது தன்னை நிறுத்தி மறுபடி தொடங்கும். நாம் பார்க்கும் மயக்கம் அதுதான்.

‘அப்படியானால் 12 வோல்ட் அடாப்டர் போடலாமே, ஐயா?’ என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். போடலாம். யூனோவின் வட்டத் துளைக்கு 7 முதல் 12 வோல்ட் வரை பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் போர்டில் உள்ள ரெகுலேட்டர், 5 வோல்ட் போக மீதியை வெப்பமாக்கித்தான் கழிக்கிறது. 200 மில்லி ஆம்பியர் எடுத்தால் 7 வோல்ட்டை 0.2 ஆல் பெருக்குங்கள்: 1.4 வாட். விரல் நகம் அளவு சில்லுக்கு அது கொதிக்கிற சூடு. சரி, நான்கு டபுள் ஏ போட்டு 6 வோல்ட் கொடுத்தால்? அந்தத் துளை வழியாக அது போதாது. ரெகுலேட்டரே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், அதற்கு முன்னுள்ள டையோடு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சிலர் அதே 6 வோல்ட்டை நேராக ‘5வி’ துளையில் செருகுவார்கள். இது ஆபத்து. அந்த வழியில் ரெகுலேட்டர் கிடையாது, சில்லு தாங்கும் உச்ச எல்லையே 6 வோல்ட்தான். புதிய மின்கலன் 1.5 வோல்ட்டைவிடச் சற்றுக் கூடவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் பரிந்துரைப்பது இரண்டு தனி ஊற்றுகள். போர்டுக்கு யு.எஸ்.பி. கம்பி வழியாக பவர் பேங்க். மோட்டாருக்கோ சிறிய சர்வோவுக்கோ நான்கு டபுள் ஏ. பவர் பேங்க்கில் ஒரு குறும்பு உண்டு. யூனோ தனியாக இயங்கினால் சுமார் 50 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். ‘யாரும் இல்லை போலும்’ என்று சில பவர் பேங்க்குகள் தாமாக அணைந்துவிடும். கண்காட்சிக்கு முன்பே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத தனி லித்தியம் மின்கலன்களை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. ஒரு கம்பி தவறிப் பட்டாலே தீப்பிடிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும்.

இரண்டு ஊற்று வைத்ததும் அடுத்த சிக்கல் வரும். சர்வோவுக்குத் தனி மின்சாரம் இருக்கிறது, கட்டளைக் கம்பியும் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் அது அசையாது, அல்லது கண்டபடி நடுங்கும். காரணம், இரண்டு எதிர்முனைகளும் இணைக்கப்படவில்லை. மின்னழுத்தம் என்பது உயரத்தைப் போன்றது. எங்கிருந்து அளக்கிறோம் என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொருள் இல்லை. ஒரு அடுக்குமாடி மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருந்தால், ‘மூன்றாவது மாடி’ என்பது இரண்டிலும் ஒரே உயரமா? போர்டு அனுப்பும் 5 வோல்ட்டை சர்வோ புரிந்துகொள்ள இருவருக்கும் தரை ஒன்றாக இருக்க வேண்டும். சர்வோவின் பழுப்பு நிறக் கம்பி, மின்கலன் பெட்டியின் கறுப்புக் கம்பி, போர்டின் ‘ஜி.என்.டி.’ துளை, மூன்றும் ஓரிடத்தில் சேரட்டும். நேர்முனைகளைச் சேர்க்கவே கூடாது.

மைக்ரோபிட், இ.எஸ்.பி.32 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை 3.3 வோல்ட் போர்டுகள். தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 உணரி திருப்பி அனுப்பும் ‘எக்கோ’ சைகை 5 வோல்ட். அதை நேராகச் செருகாதீர்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து தரைக்கு 2 கிலோ ஓம் வைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து சைகையை எடுத்தால் 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட் கிடைக்கும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளிலும் சிங்கப்பூர் சிம் லிம் டவரிலும் சில காசுக்குக் கிடைக்கும் இரண்டு மின்தடைகள், பல வெள்ளி போர்டைக் காப்பாற்றுகின்றன.

இத்தனைக்குப் பிறகும் போர்டு மயங்கினால், மல்டிமீட்டரின் இரு முனைகளை ‘5வி’, ‘ஜி.என்.டி.’ துளைகளில் வைத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுங்கள். எண் 5ஐ ஒட்டியே நிற்க வேண்டும். மிக விரைவான சரிவு மீட்டருக்குத் தெரியாமலும் போகலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் மோட்டாரின் மின்கலன் பெட்டிக் கம்பிகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் மின்தேக்கி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பட்டை உள்ள கால் எதிர்முனைக்குப் போக வேண்டும். மாற்றி மாட்டினால் அது வெடிக்கும்.